ஈரச் சாக்கு

ஸ்பினார், 20 ஏப்ரல் 2010

தங்கச்சி அவுரிகாவுக்கு அக்கா பரஸ்கீவா எழுதுவது. எழுந்து நடமாடுகிறேன், அதனால் சுகம் என்றே வைத்துக்கொள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நீ பார்த்துக்கொள்ளும் கிழவியம்மா சரியாகச் சாப்பிடுகிறாளா?

சனிக்கிழமை உன் அத்தான் தோவாதர் இறந்த நாற்பதாம் நாள் சடங்கு முடிந்தது. கோதுமையை நானே வேகவைத்து, சர்க்கரையும் வால்நட்டும் போட்டுக் கிளறினேன். நாற்பது கிண்ணம், ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுவர்த்தி. வாங்கியவர்கள் எல்லாரும் முறைப்படி, "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்லித்தான் வாங்கினார்கள். உன் வீட்டுக்காரர் ஃபிலிமோன் காலையிலிருந்து ஓடி ஓடி வேலை செய்தார். கிண்ணம் கொடுக்கும் நேரத்தில் மட்டும் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருக்கிறார். ஒரு கிண்ணம் மிஞ்சிவிட்டது.

அன்று என்ன நடந்தது என்று போனில் கேட்டாய். போனை எடுத்தால் எனக்கு அழுகைதான் வருகிறது. அதனால் எழுதுகிறேன். மார்ச் ஆறாம் தேதி மதியம் மலையில் புகை தெரிந்தது. தோவாதர் ஆணியில் தொங்கிய தீவனச் சாக்கை எடுத்து, தொட்டித் தண்ணீரில் முக்கி, குதிரைவண்டியில் ஏறினார். "எவனோ கொளுத்திட்டான், காத்து வேற அடிக்குது" என்றார். அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் கழித்து அதே வண்டியில் அவரைப் போட்டுக்கொண்டு ஃபிலிமோன் வந்தார். எங்கள் நிலத்துண்டின் உச்சியில், பேரிமரத்தடியில் கிடந்தாராம்.

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி இருந்தார். ஃபிலிமோன் அறைக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றார். விடியும்போது தோவாதர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "வெளிய வந்துட்டானா?" குதிரையைக் கேட்கிறார் என்று நினைத்து, "முர்கு லாயத்துல புல்லு தின்னுட்டு இருக்கான்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் ஃபிலிமோன் ஒரு காகிதம் கொண்டுவந்தார். "அண்ணி, எவன் கொளுத்தினான்னு தெரியலைன்னா மலை மொத்தத்துக்கும் மானியத்தை நிறுத்திருவானுங்க. செத்தவர் மேல யாரும் கேஸ் போட மாட்டானுங்க. சகலை கோவிச்சுக்க மாட்டாரு" என்றார். கொளுத்தியது தோவாதர் என்று அதில் இருந்தது. அவர் கொளுத்தவில்லை என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். அன்று என்னிடம் சுவரைக் காட்டி அது கதவு என்று சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

கடிதத்தை இத்தாலிக்கு வரும் சாந்துவின் வேனில் கொடுத்து அனுப்புகிறேன். உனக்கு இரண்டு பாலாடைக்கட்டியும் வைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ட்ரெவிசோ, 8 மே 2010

அக்காவுக்கு அவுரிகாவின் முத்தங்கள். நான் நன்றாக இருக்கிறேன். பாலாடைக்கட்டி கெடாமல் வந்து சேர்ந்தது. கிழவியம்மாவுக்கும் ஒரு துண்டு கொடுத்தேன், மூக்கைப் பிடித்துக்கொண்டே தின்றாள்.

நாற்பதுக்கு வராதது என் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. கிழவியம்மாவை விட்டு வர வேறு ஆள் கிடைக்கவில்லை. நீ கையெழுத்துப் போட்டதில் தப்பில்லை அக்கா. அத்தானுக்கு இனி எந்தக் காகிதத்தாலும் கெடுதல் வராது. இருக்கிறவர்கள் பிழைக்க வேண்டும். ஐரோப்பா கொடுக்கும் அந்தப் பணத்தை நம்பித்தானே நம் ஊரில் இன்னும் மாடு நிற்கிறது.

ஒன்று கேட்கிறேன். அத்தான் ஆஸ்பத்திரியில் அந்த ஒரு வார்த்தைதான் கேட்டாரா? யார் பெயரையாவது சொன்னாரா? நன்றாக யோசித்து எழுது.

மே பதினைந்துக்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும், மறக்காதே. ஃபிலிமோன் கூட வருவார். உனக்குக் காப்பியும் செருப்பும் அனுப்புகிறேன்.

அவுரிகா


ஸ்பினார், 25 மே 2010

அன்பான அவுரிகா, செருப்பு காலுக்குச் சரியாக இருக்கிறது. நீயும் கிழவியம்மாவும் சுகமா?

யார் பெயரையும் சொல்லவில்லை. ஏன் கேட்கிறாய்?

விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். ஊர் அலுவலகத்தில் கொர்னேலியா மேடம் கம்ப்யூட்டரில் நம் மலையைக் காட்டினாள், வானத்திலிருந்து எடுத்த படம். ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி இருக்கிறது. மேலே எங்கள் துண்டு, அதற்குக் கீழே உங்கள் துண்டு, அதன் கீழ் மூலையில் ஊற்று. "நாலாம் வகுப்பு படிச்ச நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க. தலைவரு அவர் நிலத்தைத் தேட ஒரு மணி நேரம் எடுத்தாரு" என்று சிரித்தாள். பிறகு விதிகளை வாசித்தாள். முள்புதர் நிலத்தில் நிற்கக் கூடாது. ஜூலை பிறக்கும் முன் புல் அறுக்கக் கூடாது, அறுத்தாலும் கையால்தான். தீ வைக்கக் கூடாது. கடைசி வரியை வாசிக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடையில் நான் நிற்பது தெரியாமல் ஒருத்தி சொன்னாள்: "மானியத்துக்கு ஆசைப்பட்டு தன்னையே எரிச்சுக்கிட்டான் மனுசன்." வருடா வருடம் பிப்ரவரி முழுக்க வெட்டுக்கத்தியோடு மலையில் நின்று, எங்கள் முள்ளையும் உங்கள் முள்ளையும் சேர்த்து வெட்டியவர் அவர். புல்லுக்குள் கரகரவென்று கத்துமே அந்தப் பறவை, அது கூடு வைக்க ஒரு ஓரத்தை விட்டுத்தான் அறுப்பார். இந்த வருடம் இடுப்பு பிடித்துக்கொண்டதால் உங்கள் பக்கத்தை வெட்ட முடியவில்லை. பாதிரியார் பிரசங்கத்தில், மலையைக் கொளுத்துவது பாவம் என்றார். கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது.

ஃபிலிமோன் மார்ச்சில் வலது கையில் போட்ட உறையை இந்த வெயிலிலும் கழற்றவில்லை. கேட்டதற்கு, சாராயம் காய்ச்சும்போது சுட்டுக்கொண்டேன் என்றார். நல்ல மருந்து ஏதாவது இருந்தால் அனுப்பு.

அக்கா


ட்ரெவிசோ, 26 ஜூன் 2010

அக்கா, சுகம்தானே? தாமதத்துக்குக் கோபிக்காதே. இங்கே வேலை அதிகம்.

ஃபிலிமோன் கைக்குக் களிம்பு அனுப்பியிருக்கிறேன். கொதிக்கிற வெந்நீரைக் கொட்டிக்கொண்டாராம், எப்போதும் அவசரம் அவருக்கு. ஊர் வாயைக் காதில் வாங்காதே.

நான் ஒன்று யோசித்தேன். நிலத்தை ஃபிலிமோனிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு நீ இங்கே வந்துவிடேன். பக்கத்துத் தெருவில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள். அந்த மலையை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறாய்?

அவுரிகா


ஸ்பினார், 13 ஜூலை 2010

அவுரிகாவுக்கு, நான் இருக்கிறேன். நீ சுகமாக இரு.

ஒன்றாம் தேதி புல் அறுக்க ஆரம்பித்தோம். மூன்று ஆள் கூலிக்கு வந்தார்கள், நானும் நீளப்பிடி அரிவாளோடு நின்றேன். தீ பட்ட இடத்தில் புல் இடுப்பு உயரம். ஆனால் அந்தப் பறவையின் சத்தம் இல்லை.

மதியம் தண்ணீர் குடிக்க உங்கள் துண்டில் இருக்கும் ஊற்றுக்கு இறங்கினேன். ஓடைக்குள் முள்வேரில் மாட்டிக்கொண்டு ஒரு சாக்கு கிடந்தது. பாதி எரிந்திருந்தது. மறு பாதியில் நீல நூலில் நான் போட்ட தையல். தோவாதர் கொண்டுபோன சாக்கு.

பேரிமரத்தடியில் விழுந்த மனிதரின் சாக்கு ஊற்றுக்கு எப்படி வந்தது? மரம் எங்கே, ஊற்று எங்கே? ஃபிலிமோனிடம் கேட்டேன். "காத்துல பறந்திருக்கும் அண்ணி" என்றார். ஈரச் சாக்கு. பறந்திருக்குமாம்.

இன்னொன்று. சாராயம் என்று அவர் சொல்கிறார், வெந்நீர் என்று நீ சொல்கிறாய். சாராயத்துக்கான பிளம் பழம் விழுவது செப்டம்பரில். மார்ச்சில் யார் சாராயம் காய்ச்சுகிறார்கள்?

நான் இத்தாலிக்கு வரவில்லை. நிலத்தைக் குத்தகைக்கும் விடவில்லை. சீக்கிரம் பதில் எழுது.

அக்கா


ஸ்பினார், 24 ஆகஸ்ட் 2010

அவுரிகா, உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஆறு வாரமாக சாந்துவின் வேன் வருகிறது, போகிறது. உன் கடிதம் இல்லை. போனையும் நீ எடுப்பதில்லை. சாந்துவைக் கேட்டேன். "உங்க தங்கச்சி வேன்கிட்ட வர்றாங்க, கையில கவரும் இருக்கு. ஆனா கொடுக்காம திருப்பிக் கொண்டுபோயிடறாங்க. நான் என்ன பிடுங்கியா வாங்க முடியும்?" என்றான்.

அந்தக் கவரில் என்ன எழுதியிருந்தாய்?

அக்கா


ட்ரெவிசோ, 2 அக்டோபர் 2010

அக்கா, உன் உடல்நலத்துக்குத் தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். கிழவியம்மா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள், அதனால்தான் எழுதவில்லை. குளிருக்கு ஒரு போர்வை அனுப்பியிருக்கிறேன்.

அந்தச் சாக்கை அடுப்பில் போட்டுவிடு. எரிந்துபோன பொருள் வீட்டில் இருப்பது நல்லதில்லை. சொன்னால் கேள்.

அவுரிகா


ஸ்பினார், 23 நவம்பர் 2010

அவுரிகாவுக்கு. போர்வை வந்தது. விறகு அடுக்கியாயிற்று. இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

போன வாரம் மாவட்டத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள், ஒரு பெண்ணும் ஒரு வாலிபனும். எரிந்த நிலம் என்பதால் சோதனையாம். அந்தப் பெண் காகிதத்தில் ஒரு படம் வைத்திருந்தாள். மார்ச் பத்தாம் தேதி வானத்திலிருந்து எடுத்தது. நம் மலைதான். பச்சை, பழுப்பு, நடுவில் கறுப்பு. "உங்க கணவர் எங்க கொளுத்தினார்னு காட்ட முடியுமா?" என்றாள்.

எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நேரம் ஆகும். அந்தப் படத்தைப் படிக்க நேரமே ஆகவில்லை. தீ கீழிருந்து மேலே ஏறும், ஏற ஏற விரியும். இது நம் ஊர்க் கன்றுக்குட்டிக்கும் தெரியும். கறுப்பு, விசிறி மாதிரி இருந்தது. விரிந்த பக்கம் எங்கள் துண்டில் இருக்கிறது. கைப்பிடி உங்கள் துண்டில், ஊற்றுக்குப் பக்கத்தில், தோவாதர் வெட்டாமல் விட்ட முள்ளில்.

"எனக்குக் கண் சரியாகத் தெரியாது" என்றேன். அந்த வாலிபன் நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்து, "அதான் இதுல இருக்கே" என்றான். ஆமாம், இருக்கிறது. நான்தான் போட்டேன்.

அன்றிலிருந்து ஒரே நினைவு. "வெளிய வந்துட்டானா?" என்று கேட்டாரே, குதிரை தீக்குள் போகவே இல்லை அவுரிகா. பாதையில்தான் நின்றது. தீக்குள் யார் இருந்தது?

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உனக்குத் தெரியுமா? தெரியும் என்றால் எப்போதிருந்து தெரியும்? அவர்மேல் பழி சுமத்தி நான் போட்ட கையெழுத்தை நானே அழிக்க வேண்டும். அதற்கு முன் உன் வாயால் கேட்க வேண்டும்.

அக்கா


ட்ரெவிசோ, 5 பிப்ரவரி 2011

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை. கிறிஸ்துமஸ் போய்விட்டது, நான் எழுதவில்லை. பத்துக் கடிதம் எழுதிக் கிழித்தேன்.

தெரியும். அன்று சாயங்காலமே தெரியும். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஃபிலிமோன் எனக்குப் போன் செய்தார்.

உங்கள் துண்டு சுத்தமாக இருந்தது, எங்களுடையதில் முள் நின்றது. அதிகாரி வந்தால் எங்கள் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்கள். நான்தான் போனில் திட்டினேன்: "அத்தான் ஒவ்வொரு வருஷமும் உனக்கு வெட்டணுமா? ஒரு நாள்ல முடிக்கத் தெரியாதா உனக்கு?" அவர் ஒரு நாளில் முடிக்கப் பார்த்தார். காற்று திரும்பியது. முள்வேரில் கால் மாட்டிப் புகைக்குள் விழுந்துவிட்டார். அத்தான் சாக்கோடு உள்ளே போய், காலை விடுவித்து, சாக்கை அவர்மேல் போர்த்தி ஓடைக்குள் தள்ளிவிட்டார். தள்ளிவிட்டுத் தானும் இறங்குவதற்குள் தீ குறுக்கே வந்துவிட்டது. ஓடை பக்கம் வழியில்லை. மேலே ஓடினார்.

அத்தான் கேட்டது குதிரையை இல்லை.

காகிதத்தில் அத்தான் பெயரை எழுதச் சொன்னதும் நான்தான். ஃபிலிமோன் மாட்டேன் என்றுதான் சொன்னார். வீடு கட்டி முடிக்காமல் நிற்கிறது, அவர் ஜெயிலுக்குப் போனால் நான் சாகும்வரை இங்கே கிழவிகளைக் கழுவிக்கொண்டிருக்க வேண்டும் என்று பயந்தேன். உன் முதல் கடிதத்தைப் படித்தபோது, நீ குதிரை என்று நினைத்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அப்படிச் சொன்ன வாய் இது.

நீ என்ன செய்தாலும் நான் கேட்க மாட்டேன். ஆனால் ஃபிலிமோன் இப்போதெல்லாம் விடியும் முன்பே குடிக்கிறார். போனில் பேசுவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

அவுரிகா


ஸ்பினார், 8 மார்ச் 2011, செவ்வாய்க்கிழமை

தங்கச்சி அவுரிகாவுக்கு,

உன் கடிதம் வந்தது. உன்மேல் கோபம் இருக்கிறது, அது போகும் என்று சொல்ல மாட்டேன். உன் முழங்கால் எப்படி என்று கேட்க இன்றும் கை வருகிறது. அதையும் எழுதிவைக்கிறேன்.

சனிக்கிழமை தோவாதருக்கு வருடம் முடிந்தது. முறைப்படி அவருடைய முழு உடுப்பையும் எடுத்துவைத்தேன். சட்டை, கோட்டு, தொப்பி, கல்யாணத்துக்கு வாங்கிய பூட்ஸ். அவர் உயரத்து ஆளுக்குத்தான் கொடுக்க வேண்டும். கோயில் முற்றத்தில் ஊரே நின்றது. நான் ஃபிலிமோனைக் கூப்பிட்டேன். வந்தார். இரண்டு கையிலும் உடுப்பை வைத்து, மேலே மெழுகுவர்த்தியை வைத்தேன். வாங்குகிறவர், கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லவில்லை. மெழுகு உருகி உறையில்லாத அந்தக் கையில் விழுந்தது, கையை எடுக்கவும் இல்லை. பாதிரியார் இருமினார். அப்புறம் ஃபிலிமோன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"அவருக்கு எதுக்கு அண்ணி மன்னிப்பு? அவர் என்ன பண்ணாரு?"

அவ்வளவுதான். உடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். கடையில் அன்று பேசினாளே, அவள் என் பக்கத்தில் வந்து நின்று என் கையிலிருந்த காலிக் கிண்ணத்தை வாங்கிக் கழுவினாள்.

நேற்று ஊர் அலுவலகத்துக்குப் போனேன். கொர்னேலியா மேடத்திடம் பழைய காகிதம் பொய் என்றேன். "யோசிச்சுதான் பேசுறீங்களா? பொய்க் கையெழுத்துக்கு உங்களையும் கேப்பாங்க, மானியமும் போகும்" என்றாள். போகட்டும் என்றேன். புதுக் காகிதத்தை என் கையாலேயே எழுதினேன், அரை நாள் ஆயிற்று. என் புருஷன் தீ வைக்கவில்லை, அணைக்கப் போனார். "அப்ப வெச்சது யாரு?" என்று கேட்டாள். அந்த வரியைக் காலியாக விடுங்கள், எழுத வேண்டியவர் நாளைக்கு வந்து எழுதுவார் என்றேன். என்ன நினைத்தாளோ, விட்டுவிட்டாள்.

நான் சொல்லி அனுப்பியதைக் கேட்டு, சாயங்காலம் ஃபிலிமோன் வாசலுக்கு வந்தார். குடித்திருக்கவில்லை. தோவாதரின் கோட்டைப் போட்டிருந்தார். "வர்றேன் அண்ணி, பத்து மணிக்கு உங்ககூட வந்து எழுதிடறேன். அதுக்கு முன்னாடி முள்ளை முடிச்சிடறேன். விண்ணப்பம் தொடங்கிருச்சு, அவ திரும்பி வந்தா நிலமாவது சுத்தமா இருக்கட்டும்" என்றார். எங்கள் வெட்டுக்கத்தியைக் கொடுத்தேன், சாணை பிடித்தே கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். வெட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

இப்போது மணி பதினொன்று. அவர் வரவில்லை. காலையில் பார்த்தேன், வெட்டுக்கத்தி என் வேலியில் மாட்டியிருக்கிறது. போகும்போதே மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

சாந்து வாசலில் ஹாரன் அடிக்கிறான். முந்தைய பக்கத்தை எழுதும்போது மலை வெறுமையாக இருந்தது. இந்தப் பக்கத்தை எழுதும்போது ஊற்றுக்குப் பக்கத்தில் புகை ஏறுகிறது. நேராக ஏறிக்கொண்டிருந்தது, இப்போது சாய்கிறது. போன வருடம் சாய்ந்த அதே பக்கம். சாந்துவிடம் சொன்னேன், தீயணைப்புக்குப் போன் போட்டுவிட்டான். அவர்கள் டவுனிலிருந்து வர முக்கால் மணி நேரம் ஆகும். பக்கத்து வீட்டு ஆட்கள் எல்லாரும் சந்தைக்குப் போயிருக்கிறார்கள்.

அடுப்பில் போடு என்றாயே, அந்தச் சாக்கை நான் போடவில்லை. பாதிதான் இருக்கிறது, ஆனால் தண்ணீர் பிடிக்கிறது. தொட்டியில் முக்கிவைத்திருக்கிறேன். முர்குவை வண்டியில் பூட்டியாயிற்று.

போக வேண்டும் என்று எனக்கு ஒரு கடமையும் இல்லை. அதை நீ தெரிந்துகொள்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் முன்னமே உனக்குச் செய்தி வந்திருக்கும். எந்தச் செய்தி என்று எனக்குத் தெரியாது. யாராவது காகிதத்தோடு வந்து உன்னிடம் கேட்டால் ஒன்று மட்டும் எழுது, சரியாக எழுது. உன் அக்கா மலைக்கு ஏறும்போது கையில் தீப்பெட்டி இல்லை. ஈரச் சாக்குதான் இருந்தது.

பரஸ்கீவா